ஜன்னல் திறக்கலாமா

மே 3

அப்பா வேலை செய்யும் அரிசி ஆலையில் கொடுத்த டைரி. சென்ற ஆண்டுக்கானது. கிழமைகள் ஒன்றும் பொருந்தாது. தேதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள். இடம், வடசென்னையில் ஒரு குறுக்குத் தெரு, மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. அங்கே இரும்புக் காலில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் வெப்பம், ஈரப்பதம், காற்றில் உள்ள நுண்தூசி மூன்றையும் அளக்கும் கருவி. மேலே காற்றின் திசை காட்டும் சிறகு. மாலை நான்கிலிருந்து எட்டு வரை, மணிக்கு ஒருமுறை திரையில் வரும் எண்களைப் பதிவேட்டில் எழுதி, கைபேசியில் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கோடைக்கு மட்டுமான ஆய்வு. ஜூன் பதினைந்தோடு முடியும். நன்றாகச் செய்தால் அடுத்த ஆய்வுக்கும் எடுத்துக்கொள்வார்களாம்.

அப்பாவிடம் போனில், "காத்த அளக்கறேம்பா" என்றேன். பின்னால் ஆலை ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நெழல்ல உக்காந்துதான?" என்றார். ஆமாம் என்றேன். மாடியில் நிழல் என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலம்.

ஆறு மணிக்கு: வெப்பம் 34.6. ஈரப்பதம் 71. தூசி 84. அறுபதுக்குள் இருந்தால் பரவாயில்லை என்று பயிற்சியில் சொன்னார்கள்.

இன்னொன்றையும் அளக்கலாம் என்று தோன்றியது. நேரில் ஒருவரிடம் நான் பேசிய வாக்கியங்கள். போன் கணக்கில் வராது.

பேச்சு: 2. (பஸ்ஸில், "ஒரு டிக்கெட்." விடுதியில், "சாவி குடுங்க.")

மே 5

தூசி 91. பேச்சு: 2. அதே இரண்டு.

மே 6

இன்று காற்றைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். ஐந்து மணி வரை மேற்குக் காற்று. அனல். ஆனால் தூசி 52தான். ஐந்தரைக்குச் சிறகு மெல்ல வட்டமடித்துக் கிழக்கே நின்றது. கடற்காற்று. வியர்வை குளிர்ந்தது. தெருவெங்கும் ஜன்னல்கள் திறக்கும் சத்தம். ஆறு மணிக்குத் திரையைப் பார்த்தேன். 97.

ஊரெல்லாம் காத்திருக்கும் காற்று இந்தத் தெருவுக்கு மட்டும் நிலக்கரி குவித்த முற்றத்தைத் தாண்டி வருகிறது. கிழக்கே பார்த்தால் கறுப்பு மேடுகள் தெரிகின்றன. குளிர்ச்சி வேண்டுமானால் கரியோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

துணி எடுக்க ஓர் அக்கா வந்தார். மூன்றாவது மாடியில் இருப்பவர். காலடிச் சத்தம் கேட்டதும் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கேயும் வந்துவிட்டார்.

"இன்னா, தொட்டிக்கு காவலா?"

"இல்லக்கா. பெட்டி... காத்து அளக்கறது."

"அளந்து?"

"எழுதி அனுப்புவேன்."

"எங்கள்ட்ட யாரும் சொல்லலியே. எங்க வூட்டு காத்து அது." சிரித்தார். "பேரு இன்னா?"

"சுகந்தி."

"சுகந்தியா. வந்து மாட்டனது நல்ல எடந்தான் போ. சரி, சொல்லு. இப்ப ஜன்னல தொறக்கலாமா? எம் பொண்ணுக்கு இளைப்பு. தொறந்தா மூச்சு வாங்குது, சாத்தினா மொட்டமாடி சூடு அப்படியே மண்டையில எறங்குது."

யாரும் என்னிடம் இப்படி நேராக ஒன்று கேட்டதில்லை. திரையை மறுபடி பார்த்துவிட்டு வந்து, "வேணாம்க்கா. தொண்ணூத்தேழு" என்றேன்.

"தொண்ணூத்தேழு நல்லதா கெட்டதா?"

"கெட்டது."

கீழே போனார். ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

பேச்சு: 9.

மே 7

அவர் பெயர் ரெஜினா. காலையில் தெருமுனையில் மீன் விற்கிறார். வீட்டுக்காரர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில். மகள் ஜெனி, இரண்டாம் வகுப்பு.

ஆறு மணிக்குப் படிக்கட்டிலிருந்தே குரல்: "காத்துப் பொண்ணு, தொறக்கலாமா?"

88. வேண்டாம் என்றேன். "உன் வாயில நல்ல சேதியே வராதா" என்றார்.

மே 9

நான்கு மணிக்குப் போனபோது திரை இருண்டிருந்தது. உள்ளே நாற்பத்தைந்து டிகிரி தாண்டினால் பெட்டி தானாகவே அணைந்துவிடுமாம். பிரபாகர் சார்தான் எங்கள் மேற்பார்வையாளர். போனில், "ஏதாவது பண்ணும்மா, ரீடிங் விடக்கூடாது" என்றார். என்ன செய்ய என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

விடுதி அறையில் மூன்று பேர். மற்ற இருவருக்கும் இரவு வேலை. நான் வரும்போது அவர்கள் கிளம்பியிருப்பார்கள், அவர்கள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவர்களை எனக்குச் சோப்பு வாசனையால் தெரியும்.

மே 11

மறுபடி அணைந்தது. இரண்டு மணி நேரப் பதிவு இல்லை. பிரபாகர் சார், "வேற ஆள் போடட்டுமா?" என்று கேட்டார். கேள்விதான். பதில் எதிர்பார்க்கவில்லை.

ரெஜினா அக்கா ஆறு மணிக்குக் கேட்டபோது, "தெரியலக்கா, பெட்டி நின்னுபோச்சு" என்றேன். அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"இட்லி வேவும் போல இதுல."

மே 12

நான் போவதற்கு முன்பே ரெஜினா அக்கா ஒரு வேலை செய்து முடித்திருந்தார். பெட்டியைச் சுற்றி ஈரக் கோணி. சணல் கயிற்றால் கட்டியிருந்தார். திரைக்கு மட்டும் சின்னதாக ஒரு மடிப்பு.

"ஐஸ்பெட்டிக்கு இப்படித்தான் போடுவோம். ஈரக் கோணி இருந்துச்சுன்னா ஐஸு சாயங்காலம் வரைக்கும் கரையாது. மீனே கெடாதப்போ உன் மெஷினு கெட்டுடுமா?"

பெட்டி அணையவில்லை. கோணியில் மீன் வாடை. பிரபாகர் சாருக்கு எல்லா எண்களையும் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஆறு மணிக்குத் தூசி 31. கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. இரண்டுமுறை பார்த்தேன்.

"தொறக்கலாம்க்கா" என்றேன். முதல்முறையாக.

அவர் என்னையே பார்த்தார். "நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினார். ஜன்னல் கதவு சுவரில் மோதிய சத்தம் மாடி வரை கேட்டது.

மே 13

26. இரண்டு நாளுக்கு முன் தெருவில் தண்ணீர் தெளித்தார்கள். அதனால் இருக்கும்.

எண் குறைவாக வரவேண்டும் என்று நான் விரும்பவில்லை. அளப்பவர் எதையும் விரும்பக்கூடாது.

பேச்சு: 14.

மே 15

ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே ரெஜினா அக்கா வீட்டுக்குள் கூப்பிட்டார். "குந்து" என்று பாயை உதறிப் போட்டார். ஒரே அறை, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகக் காற்று வந்து நாட்காட்டித் தாள்களைப் படபடக்க வைத்தது. சூடான சோறு, காரப்பொடி என்னும் சின்ன மீனில் குழம்பு. முள்ளெடுக்க எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஜெனி என் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா காலேஜ்லாம் படிச்சிருக்கு, முள்ளெடுக்க தெரியல" என்றாள் அம்மாவிடம்.

"அதுக்கு காலேஜ்ல முள்ளு இல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும்.

மூன்றாவது மாடியில் மேலும் இரண்டு வீடுகள் இப்போது என் எண்ணைக் கேட்டுத்தான் ஜன்னல் திறக்கின்றனவாம். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "உன்னக் கேட்டா?" என்றார் அம்மா. மூன்றுமுறை கேட்டார்.

பேச்சு: எண்ணவில்லை. முப்பதுக்கு மேல்.

மே 17

ஆறு மணிக்கு: வெப்பம் 30.8. ஈரப்பதம் 93. தூசி 25.

முப்பது டிகிரி என்று திரை சொல்கிறது. ஆனால் என் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது, தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்று பயிற்சியில் சொன்னார்கள்.

எட்டு மணிக்குள் கோணி காய்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எண் நாற்பதுக்கு ஏறுகிறது. எட்டு மணிக்கு மேல் லாரிகள் அதிகம். அதனால்தான்.

நாளையிலிருந்து ஏழு மணிக்கு ஒருமுறை நானே நனைத்துவிடுகிறேன்.

மே 18

25. ஜெனி படம் வரைந்து கொடுத்தாள். பெட்டிக்குப் பாவாடை கட்டியதுபோல் கோணி. பக்கத்தில் நான், பெட்டியைவிடக் குட்டையாக.

மே 19

ஜெனி இருமிக்கொண்டிருந்தாள். "நேத்து ஐஸ் துன்னுச்சு, அதான்" என்றார் ரெஜினா அக்கா. ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"இருபத்தி நாலுக்கா."

"அப்ப காத்து இல்ல. ஐஸ்தான்."

ஜன்னல் திறந்தே இருந்தது.

மே 20

மூன்றாவது மாடியில் பூட்டு. எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: மதியம் ஜெனிக்கு இளைப்பு அதிகமாகி, உதடு நீலமாகி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மாடிக்கு ஏறிவிட்டேன்.

தூசி 25, 24, 26, 26, 25.

மே 21

இன்றும் பூட்டு. ஜெனி பிழைத்துக்கொண்டாள், மூச்சுக்கு மருந்துப் புகை வைக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். வெயில் குறைவு, மேகமூட்டம். பெட்டி சூடாகாது என்று தோன்றியது. அவர்கள் வருவதற்குள் கோணியையாவது துவைத்து வைக்கலாம் என்று அவிழ்த்தேன். மீன் வாடை போனால் அக்கா சந்தோஷப்படுவார்.

தொட்டிக் குழாயடியில் வாளியில் முக்கினேன். தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு மறுபடி முக்கினேன். மறுபடி கறுப்பு. பள்ளியில் சிலேட்டு கழுவிய தண்ணீர் போல, அதைவிட அடர்த்தியாக. ஐந்தாவது வாளியிலும் அடியில் கறுப்புப் பொடி தங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். கரி.

வாளிக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அரைமணிக்கு ஒருமுறை பெட்டி எழுப்பும் ஒலி கேட்டது.

எழுந்துபோய்ப் பார்த்தேன். தூசி 89.

மே 22

எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். கோணி இல்லாமல் 92. ஈரக் கோணியோடு பத்து நிமிடத்தில் 33. எடுத்தால் மறுபடி 90. பெட்டியின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. துளைகளைக் கோணி மூடியிருந்தது. தூசியைக் கோணி பிடித்துக்கொண்டது. கருவி அளந்தது கோணி வடிகட்டிய காற்றை. தெருக் காற்றை அல்ல.

வெப்பம் குறைந்ததும் ஈரப்பதம் ஏறியதும்கூட அதனால்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, எண் இறங்குவதைப் பார்த்து எழுதியவள் நான். அந்தச் சோதனைக்குப் பத்துக்குப் பத்து வாங்கினேன். இங்கே ஒன்பது நாள் அதே ஈரத்துணி என் கண்முன் இருந்தது. ஏழு மணிக்கு நானே தண்ணீரும் ஊற்றினேன்.

13ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

பிரபாகர் சாருக்கு நானே போன் செய்தேன். இதுவரை செய்ததில்லை.

"சார், பன்னெண்டுல இருந்து இருபது வரைக்கும் எல்லா ரீடிங்கும் தப்பு சார்."

"யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"கம்மியாத்தானம்மா வந்திருக்கு. ஜாஸ்தியா வந்தாதான் கேள்வி கேப்பாங்க. விட்டுடு."

"குறிப்புல எழுதிட்டேன் சார். பெட்டிய ஈரக் கோணி மூடியிருந்ததுன்னு."

"யார் மூடினதுன்னு எழுதின?"

"நான்னு."

"சரி. ஜூன்ல பாக்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பெட்டிக்கு மேலே என் குடையைக் கட்டினேன். துளைகளை மூடாமல், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு. பெட்டி அணையவில்லை. முதல் நாளே இது தோன்றியிருக்கலாம்.

மே 23

அவர்கள் வந்துவிட்டார்கள். ஜெனி படுத்திருந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்துக் கையை உயர்த்திப் பிளாஸ்திரியைக் காட்டினாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

ஜன்னல் திறந்திருந்தது.

"சாத்திடுங்கக்கா" என்றேன்.

"ஏன், எவ்ளோ?"

"மெஷின் ரிப்பேரு. அதனால சாத்தியே வைங்க."

"எப்பலேர்ந்து ரிப்பேரு?"

"நேத்துலேர்ந்து."

இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மே 24

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இன்றும் இருந்தேன். ஆறு மணி வரை.

ரெஜினா அக்கா வேறொரு கோணியோடு மேலே வந்தார். புதிதாக நனைத்தது. படிக்கட்டெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது.

"பழசு எங்க போட்ட? இப்படி கொடைய கட்டி வெச்சிருக்க. வெயில்ல நீ என்னா பண்ணுவ?"

"அது வேணாம்க்கா."

"நாறுதா? தொவச்சிதான் எடுத்தாந்தேன்."

"நாத்தம் இல்லக்கா." பேருந்தில் வரும்போது நான்கு வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தூசி பூரா கோணியிலயே நின்னுடுச்சுக்கா. பெட்டிக்குள்ள போவல. நான் இருபத்தஞ்சு, இருபத்தாறுன்னு சொன்னதெல்லாம் பொய் எண்ணு. வெளிய எண்பது, தொண்ணூறுதான் இருந்திருக்கும்."

அவர் கோணியைக் கீழே வைக்கவில்லை. அதிலிருந்து தரையில் விழுந்த சொட்டுகள் விழுந்தவுடன் காய்ந்துகொண்டிருந்தன.

"எத்தினி நாளு?"

"ஒம்பது."

"ஒம்பது நாளும் நா ஜன்னல தொறந்து போட்டு..." பாதியில் நிறுத்தினார். கோணியைப் பார்த்தார். "நாந்தான கட்டினேன் இத."

"உங்க தப்பு இல்லக்கா. மீனுக்கு நீங்க செய்யறது சரிதான். இது மீன் இல்லன்னு எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். நான்தான் படிச்சேன்."

"நேத்து ரிப்பேருன்ன?"

"அதுவும் பொய்க்கா."

கிழக்கே கரி மேட்டில் இயந்திரம் ஏதோ அள்ளிப் போடும் சத்தம் வந்தது. சிறகு அசையாமல் அந்தப் பக்கமே நின்றது.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"தெரியாதுக்கா."

"அப்பறம் எதுக்கு சொல்ற?"

"நாளைக்கும் கேப்பீங்களேக்கா."

அவர் கோணியைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். புடவை ஒருபக்கம் முழுக்க நனைந்திருந்தது.

மே 25

95. யாரும் கேட்கவில்லை. பேச்சு: 2.

மே 27

படியில் ரெஜினா அக்கா எதிரே வந்தார். நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவரும் ஒதுங்கினார். இரண்டு பேரும் ஒதுங்கியதில் வழி நிறைய இருந்தது.

மூன்றாவது மாடி ஜன்னல் திறப்பது எந்த நேரம், சாத்துவது எந்த நேரம் என்று கவனித்தேன். இன்று மாலை முழுக்கத் திறந்திருந்தது. தூசி 86. கதவைத் தட்டிச் சொல்லலாமா என்று இரண்டாவது மாடி வரை இறங்கினேன், தட்டாமலே அவர்கள் கதவைத் தாண்டி. கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது? மறுபடி ஏறிவிட்டேன்.

ஏறும்போது உள்ளே ஜெனி இருமினாள். ஒருமுறைதான்.

மே 28

தட்டினேன்.

ரெஜினா அக்கா கதவைப் பாதி திறந்தார்.

"தொண்ணூத்தி மூணுக்கா" என்றேன்.

தலையை ஆட்டினார். கதவு மூடியது. மேலே போய்க் காத்திருந்தேன். ஜன்னல் சத்தம் கேட்கவில்லை. எட்டு மணிக்கு இறங்கித் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். திறந்துதான் இருந்தது. உள்ளே சுவரில் நாட்காட்டித் தாள் ஆடிக்கொண்டிருந்தது.

பேச்சு: 3.

மே 30

அம்மா போனில், "அந்த மீன்காரம்மா இன்னும் உன்னக் கேட்டுத்தான் ஜன்னல் தொறக்கறாங்களா?" என்றார். ஊரில் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார் போல.

ஆமாம் என்றேன்.

ஜூன் 2

காற்றே இல்லை. நான்கு மணிக்குச் சிறகு தெற்கே பார்த்து நின்றது. ஐந்துக்கும் அப்படியே. வானம் சாம்பல் நிறம், மழை இல்லை. ஈரப்பதம் 78. இந்த முறை உண்மையான 78. மூச்சை இழுத்தால் துணி வழியாக இழுப்பதுபோல் இருந்தது. தெருவில் எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்து தாள் விசிறிகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பிரபாகர் சார் காலையில் செய்தி அனுப்பினார். அடுத்த ஆய்வுக்கு ஆட்கள் முடிவாகிவிட்டார்களாம். பதினைந்தாம் தேதி பெட்டியையும் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். 'குடை கட்டியது நல்ல யோசனை, மற்ற இடங்களிலும் செய்யச் சொல்லியிருக்கிறேன்' என்று கடைசியில் ஒரு வரி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐந்து ஐம்பதுக்குச் சிறகு அசைந்தது. ஒரு நடுக்கம், பிறகு அரைவட்டம். கிழக்கு. முதல் காற்று வந்தது. கீழே தெருவில் யாரோ "அப்பாடா" என்றார்கள். மளமளவென்று எல்லா ஜன்னல்களும் திறந்தன. எனக்கும் அந்தக் காற்று முகத்தில் பட்டபோது நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன.

ஆறு மணிக்குத் திரைக்கு முன்னால் நின்றிருந்தேன். படிக்கட்டில் சத்தம். ஏறி வரும் காலடி இல்லை. ஒரு குரல் மட்டும். கரகரப்பாக, மூச்சுக்கு நடுநடுவே நிறுத்தி.

"அக்கா... அம்மா கேக்க சொல்லிச்சு... தொறக்கலாமா?"

எட்டிப் பார்த்தேன். ஜெனி மூன்றாவது மாடிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ரெஜினா அக்காவின் புடவை முனை தெரிந்தது. அவர் அசையவில்லை.

அறுபதுக்குக் கீழே ஓர் எண் வரட்டும் என்று விரும்பினேன். இதை எழுதியே வைக்கிறேன். மிகவும் விரும்பினேன். துளைகளைப் பார்த்தேன், மூடாமல் இருந்தன. குடையைப் பார்த்தேன். திரையில் 102.

"வேணாம்னு சொல்லு" என்றேன்.

புடவை முனை உள்ளே போனது. ஜெனியும் போனாள். தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்து கிடக்க, எனக்குக் கீழே ஒரே ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள்.

பேச்சு: 1. (டிக்கெட்டையும் சாவியையும் இன்று சேர்க்கவில்லை.)